ஐம்பத்தைந்தில் வரும் பணம் மாதச் சம்பளமாக வரட்டும்

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட மண் மலாக்கா. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் ஆசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ரப்பர் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா என்று மாநிலம் முழுக்கத் தோட்டங்கள் பரவ, அவற்றின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தன. அந்த வாழ்க்கையில் கூலி குறைவு, உழைப்பு கடுமை. ஆனால் ஒன்று இருந்தது. பால்மரம் வெட்டிய தாயும் தகப்பனும் ஓய்ந்தபோது மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டார்கள். வீடு கைவிட்டுப் போகவில்லை. வாடகை இல்லை, தண்ணீருக்குத் தனிச் செலவு இல்லை, காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகம் இருந்தது. முதுமைக்கென்று யாரும் திட்டமிடவில்லை என்றால், திட்டமிடத் தேவையில்லாத அளவுக்கு வயதானவர்கள் குடும்பத்தோடும் லயத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே காரணம். இன்று அந்த ஏற்பாடு இல்லை. பல தோட்டங்கள் கை மாறின, பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வேறு பல நிலங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. பிள்ளைகள் பத்து பிரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வீட்டு வாடகை, மின்சாரம், பெட்ரோல், மருந்து என்று எல்லாமே இப்போது மாதாமாதம் காசாகக் கேட்கின்றன. ஆனால் முதுமைக்கென்று நம் கையில் இருக்கும் ஒரே பணம், அதாவது ஊழியர் சேமநிதி, ஒரே நாளில் மொத்தமாக வந்து சேர்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். ஐம்பத்தைந்து வயதில் கிடைக்கும் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுக்கக் கூடாது. அது மாதச் சம்பளமாகவே வீட்டுக்கு வர வேண்டும். இதைப் புதிய யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் நீண்ட போராட்டமே மாதச் சம்பளத்துக்கான போராட்டம்தான். மழை பெய்தால் வேலை இல்லை, பால் குறைந்தால் கூலி இல்லை என்ற நாட்கூலி முறையை ஒழித்து நிலையான மாத வருமானம் வேண்டும் என்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் கேட்டது. 2003-இல் ஒப்பந்தத்தில் ஏறிய மாதச் சம்பளம் வெறும் 350 வெள்ளி. அந்தச் சிறு தொகையை ஏன் வெற்றியாகக் கருதினார்கள்? வரும் மாதமும் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் குடும்பம் நடத்த முடியும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். வேலை செய்த காலத்துக்கு அவ்வளவு அவசியமாக இருந்த அந்த உறுதி, வேலை நின்ற பிறகு இன்னும் பலமடங்கு அவசியம். அதை நாமே ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறோம்.

மாத வருமானம் முதுமையை எப்படிக் காக்கிறது என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மலாக்கா நகரிலும் ஜாசினிலும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அரசாங்க அலுவலகக் குமாஸ்தாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்க ஓய்வூதியம் உண்டு. கணவர் இறந்தால் அந்த ஓய்வூதியம் மனைவிக்குத் தொடர்கிறது. அதே தெருவில் தனியார் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவரும் இருக்கிறார். ஆசிரியர் அதிகம் சம்பாதித்தார் என்பது உண்மைதான். ஆனால் இரு வீடுகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சம்பளம் மட்டும் விளக்காது. ஆசிரியர் சிக்கனமானவர், தொழிலாளி ஊதாரி என்பதும் அல்ல. ஆசிரியருக்கு ஓய்வூதியத்தை மொத்தமாக எடுக்கும் வழியே கிடையாது. மகன் வியாபாரம் தொடங்கக் கேட்டாலும், மைத்துனர் கடன் கேட்டாலும், அவரால் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்க முடிவது அந்த மாத வருமானத்தில் மிச்சப்படுவதை மட்டுமே. தொழிலாளியின் வங்கிக் கணக்கில் எண்பதாயிரம் வெள்ளி கிடக்கிறது என்பது உறவு முழுக்கத் தெரியும்போது, மறுக்கும் வலிமை அவருக்கு எங்கிருந்து வரும்? நம் சமூகத்தில் உறவின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுமையைத் தனிமனிதரின் மன உறுதிமேல் ஏற்றுவது நியாயமில்லை. பணம் வரும் முறையே அவரைக் காக்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு தொகையைப் பற்றியது. 'இருப்பதே சொற்பம், இதில் மாதாமாதம் எடுக்க என்ன இருக்கிறது?' என்கிறார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. 2013 தொடக்கத்தில் குறைந்தபட்ச சம்பளம் 900 வெள்ளி. அது 2016-இல் 1,000, 2019-இல் 1,100, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று ஏறியது. இந்தப் பதின்மூன்று ஆண்டும் குறைந்தபட்ச சம்பளத்திலேயே உழைத்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்து, 2025 முடிய விழுந்த சந்தா ஏறக்குறைய 43,000 வெள்ளி. இடையில் சில காலம் சந்தா குறைக்கப்பட்டதை நான் கழிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கூலி இன்னும் குறைவு. ஐம்பத்தைந்து வயதில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் நெடுநாள் சொல்லிவந்தது; இருபது ஆண்டுக்கு மாதம் 1,000 வெள்ளி என்ற கணக்கு அது. இப்போது அந்த அடிப்படை இலக்கு அறுபது வயதுக்கு 390,000 என்று படிப்படியாக உயர்த்தப்படுகிறது. தோட்டத்தில் உழைத்தவருக்கு இந்த எண்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. கூலியை அவ்வளவு காலம் அடிமட்டத்தில் வைத்திருந்ததன் விளைவு இது. அந்தக் குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது.

ஆனால் தொகை சிறியது என்பதால்தான் அதை உடைக்கக் கூடாது என்கிறேன். ஒரு வீட்டின் சேமநிதியில் 100,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவரும் வேலை செய்த வீட்டில் இரண்டு கணக்கும் சேர்ந்து இந்த அளவைத் தொடுவது நடக்கக்கூடியதே. பணத்தை வாரியத்திலேயே விட்டுவைத்து மாதம் 600 வெள்ளி எடுத்தால், ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைக்கும் என்ற கணக்கில், அது ஏறத்தாழ 23 ஆண்டு வரும். அதே பணத்தை வெளியே எடுத்து ஈவில்லாமல் வைத்து மாதம் 600 செலவழித்தால் 14 ஆண்டுக்குள் தீரும். இடைப்பட்ட ஒன்பது ஆண்டை ஈவு மட்டுமே தருகிறது. 5 விழுக்காடு என்பது மிகையான எதிர்பார்ப்பும் அல்ல: 2020 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் வாரியம் அதற்குக் குறைவாக அறிவிக்கவில்லை, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தது. நூறு வயது வரை கணக்கில் இருக்கும் பணத்துக்கு ஈவு உண்டு. விலைவாசி ஏற ஏற 600 வெள்ளியின் மதிப்பு குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்த 600-ஐ இன்னொரு 600-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதரவற்ற முதியோருக்குச் சமூக நல இலாகா மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகை 2025-இல் 600 வெள்ளியாக உயர்ந்தது. அதைப் பெற மனுப் போட வேண்டும், வருமானம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். தன் உழைப்பில் சேர்ந்த அதே தொகையை யாரிடமும் கேட்காமல் இருபது ஆண்டுக்கு மேல் பெறுவதும், ஐந்து ஆண்டில் எல்லாம் கரைந்தபின் உதவிக்கு வரிசையில் நிற்பதும் ஒன்றா?

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வீண் செலவுக்கு அல்ல. வீடு, பிள்ளைகளின் திருமணம், பழைய கடன் ஆகிய மூன்றும்தான் பெரும்பங்கை விழுங்குகின்றன. இதில் வீடு நியாயமான செலவு. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துக்கு அதைவிட அவசியமான செலவு வேறில்லை. தவறு அதைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. வேலை முடிந்தால் அதில் தங்கும் உரிமை முடிகிறது. தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு நடந்தால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி கிடைப்பது, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். அந்தக் காசில் மலாக்காவில் வீடு வாங்க முடியாது. ஐம்பத்தைந்தில் சேமநிதி முழுவதையும் வீட்டுக்கே கொட்டினால் சுவரும் கூரையும் இருக்கும், அடுப்பெரிக்கக் காசு இருக்காது. நாற்பது வயதுக்குள், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, டுரியான் துங்கலிலோ மெர்லிமாவிலோ ஒரு மலிவு விலை வீட்டுக்குப் பதிந்து, சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்க அனுமதிக்கப்பட்ட பகுதியை அதற்குப் பயன்படுத்துவதே சரி. வேலை ஓயும் நாளில் வீட்டுக் கடனும் ஓய்ந்திருக்க வேண்டும். திருமணத்தைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். சம்பாதிக்கும் பிள்ளையின் மண்டப வாடகையையும் ஆயிரம் பேருக்கான விருந்தையும் ஓய்ந்துபோன பெற்றோரின் கடைசிச் சேமிப்பிலிருந்து கட்டுவதை நாம் பெருமையாகப் பேசுவதை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது மறுப்பு ஆயுளைப் பற்றியது. 'எழுபதைத் தாண்டுவோமா என்பதே தெரியாது, இருக்கும்போது அனுபவித்துவிட்டுப் போகலாம்' என்ற பேச்சு நம்மிடையே சாதாரணம். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்திய ஆண்களின் சராசரி ஆயுள்தான் குறைவு என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் அந்தச் சராசரியைக் கீழே இழுப்பது இளமையிலும் நடு வயதிலும் நேரும் சாவுகள். அறுபதைத் தொட்டவருக்குப் பிறப்பின்போது கணக்கிட்ட சராசரி பொருந்தாது. எண்பதை நெருங்கும் வாய்ப்பு அவருக்கு நன்றாகவே உண்டு. அதைவிட முக்கியமானது, அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். பெண்கள் ஆண்களைவிடப் பல ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். மனைவி கணவனைவிட இளையவளாகவும் இருப்பாள். கணவர் 'இருக்கும்போது அனுபவித்த' பணத்தின் விலையைப் பத்துப் பதினைந்து ஆண்டு தனியாகக் கொடுக்கப்போவது அவள். ஆகவே சேமநிதிப் பாரத்தில் கையெழுத்திடும் முடிவு கணவனுடையது மட்டும் ஆகாது. அதோடு வாரிசு நியமனம் என்ற ஒரு சின்ன வேலை இருக்கிறது. முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் நியமித்த நபருக்கே பணம் உரியது. திருமணத்துக்கு முன் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ போட்டிருந்தால், திருமணத்தோடு அந்த நியமனம் செல்லாமல் போகிறது. புதிதாகப் போடாமல் இறந்துவிட்டால் விதவை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான்.

'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்பது மூன்றாவது பேச்சு. பிள்ளைகள் மேல் எனக்கு நம்பிக்கைக் குறைவு இல்லை. நம் வீடுகளில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம். ஆனால் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்த மகன் இன்று ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வாடகை கட்டிக்கொண்டு தன் பிள்ளைகளை வளர்க்கிறான். அவனுக்கும் குறைந்த சம்பளம், வீட்டுக் கடன், கார்க் கடன். பெற்றோருக்கு நிலையான மாத வருமானம் இருந்தால் அவன் அனுப்பும் காசு கூடுதல் உதவியாகும். இல்லாவிட்டால் அதுவே முழு ஆதாரமாகி, அவன் தன் முதுமைக்குச் சேர்க்க முடியாமல் போகும். தன் சேமிப்பை முழுதாகப் பிள்ளையின் தொழிலுக்குக் கொடுத்த பெற்றோர் பிறகு அதே பிள்ளையை நம்பி வாழும்போது, தொழில் நொடித்தால் இரண்டு தலைமுறையும் ஒன்றாக விழுகிறது.

நான்காவது மறுப்பை மரியாதையோடு பேச வேண்டும். '30 ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் எங்களுடையது, அரசாங்கம் ஏன் கட்டிப்போட வேண்டும்?' 2025 ஜூலை 31-இல் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில், சேமநிதியை ஓய்வின்போது எடுக்கக்கூடிய பகுதி, தவணை முறையில் வருமானமாக வரும் பகுதி என்று இரண்டாகப் பிரிக்கும் யோசனை வந்ததும் இந்தக் கோபம் வெடித்தது. இது புதிய சந்தாதாரர்களுக்கு மட்டுமே, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு விருப்பத்தின்பேரில் என்று அரசாங்கம் விளக்கம் கொடுத்தது. பழைய சந்தாதாரர்மேல் எதையும் திணிக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் கட்டாயப்படுத்தாதே என்று கேட்பவருக்குத் தானாகச் செய்யும் பொறுப்பு கூடுகிறது. கட்டுப்பாடு இல்லாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெருந்தொற்று காட்டியது. நான்கு சிறப்புத் திட்டங்களில் நாடு முழுவதும் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. அப்போது சோற்றுக்கு வழியில்லாமல் எடுத்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழி மிகப் பெரியதாக விழுந்தது குறைந்த சம்பளக்காரர்களின் கணக்கில்தான், அதை நிரப்ப அவர்களுக்கு வருமானமும் இல்லை. 2024 மே மாதத்திலிருந்து எந்நேரமும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வேறு வந்துவிட்டது. சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது. அது அவசரத்துக்கென்று இருக்கட்டும். தீபாவளிச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது.

சேமநிதியே இல்லாதவர்களை இந்த விவாதம் மறந்துவிடுகிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பலர் குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை, பாதுகாவலர் வேலை, லாரி ஓட்டுதல், புல்வெட்டு, சிறு உணவுக் கடை என்று பிழைக்கிறார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு வாரியத்தில் கட்டாத முதலாளி சட்டப்படி குற்றவாளி. கைப்பேசிச் செயலியில் கணக்கை மாதம் ஒருமுறை பார்த்தாலே இந்த ஏமாற்று வெளிப்படும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி தானாகக் கட்டினால், 2025 நிலவரப்படி அரசாங்கம் 500 வெள்ளி சேர்த்துக் கொடுக்கிறது. ஈவுக்கு மேல் கிடைக்கும் தொகை இது. இதற்கு இணையாக எந்த நகைச் சீட்டும் கொடுக்காது. 'குறுகிய காலத்தில் இரட்டிப்பு' என்று வாட்ஸ்அப்பில் வரும் வலைகள் முதலையே விழுங்கும். ஓய்வுப் பணம் கைக்கு வந்த குடும்பங்களையே அவை குறிவைக்கின்றன. இ-காசே பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பப் பெண்களுக்குச் சேமநிதியின் ஐ-சூரி திட்டம் உண்டு. குடும்பத் தலைவிகளுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளியில் சொக்சோ பாதுகாப்பும் 2022 டிசம்பர் முதல் இருக்கிறது. இந்தப் பெயர்கள் எத்தனை தமிழ் வீடுகளில் தெரியும்?

வாழ்க்கை முறையையும் பேசாமல் முடியாது, ஏனென்றால் முதுமையில் மிகப் பெரிய செலவு நோய். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. வேறெந்தப் பெரிய இனத்திலும் அந்த அளவு இல்லை. அரசாங்க மருத்துவமனை மலிவாக இருந்தாலும், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலை வந்தால், போக்குவரத்தும் துணைக்கு வருபவரின் வேலை இழப்பும் சேர்ந்து எந்தச் சேமிப்பையும் தின்றுவிடும். நாற்பதில் இனிப்புத் தேநீரைக் குறைப்பதும் ஆண்டுதோறும் கிளினிக்கில் இரத்தம் பார்ப்பதும் ஓய்வுக்காலத் திட்டத்தின் பகுதிகளே. அதேபோல ஐம்பத்தைந்தே வேலையின் எல்லை என்று நினைப்பதும் மாற வேண்டும். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உடல் ஒத்துழைக்கும்வரை அந்த ஐந்து ஆண்டும் வேலை செய்து, சேமநிதியைத் தொடாமல் விட்டவரின் கணக்கு, எடுத்தவருடையதைவிட எவ்வளவோ கனமாக இருக்கும். மரம் வெட்டியும் குலை அறுத்தும் முதுகு ஒடிந்தவரிடம் அறுபதுவரை உழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத்தான் மாத வருமானம் எல்லாரையும்விட முன்னதாகத் தேவைப்படுகிறது.

தொழிற்சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கொரு முறை சேமநிதி வாரிய அதிகாரியை அழைத்து, தமிழிலேயே விளக்கம் சொல்ல வைக்கலாம். திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதில் இருக்கும் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது: முழுத் தொகைக்கான பாரத்தை நிரப்பும் முன் உங்கள் மனைவியோடு, அல்லது கணவரோடு, ஒருநாள் உட்கார்ந்து மாதச் செலவை எழுதிப் பாருங்கள். பிறகு வாரிய அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். மாதாந்திரத் தொகைக்கு எழுதிக் கொடுத்து, வாரிசுப் பெயரையும் அன்றே சரிபார்த்துவிட்டு வாருங்கள்.